நாக்கு வருவதற்குள்

ஜூலை 9, ஞாயிறு

காலையில் மாவு அரைத்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரியர்காரர் மணியடித்தார். உலகம்மாளின் படம் வந்துவிட்டது. பரண்மேல் தகர டப்பாவில் முப்பது வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த சுருளைச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம். திரும்பி வந்தது தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பென்டிரைவ். "இதுக்குள்ளயா என் தொப்புள் இருக்கு?" என்றாள் உலகு. அப்படித்தான் சொல்லியிருப்பாள். நாக்கு தடிக்க ஆரம்பித்த பிறகு அவள் பேச்சைப் பாதி கேட்கிறேன், பாதி நானே போட்டு நிரப்பிக்கொள்கிறேன். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அதுகூட வராவிட்டால் எப்படி.

படத்தின் பெயர் 'உறுப்பினர் கூட்டம்'. சென்னையில் சினிமா படிக்கிற காலத்தில், எனக்கு அவளைத் தெரியாதபோது, எடுத்தது. பதினோரு நிமிடம். கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓர் உடம்பின் உறுப்புகள் தனித்தனி ஆட்களாக ஊர் சுற்றுகின்றன. முழங்கைக்குச் சலூனில் சோப்பு போட்டுச் சவரம் செய்கிறார்கள். காதைக் காய்கறிக்கடைத் தராசில் நிறுத்துப் பேரம் பேசுகிறார்கள். தொப்புள் கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறது. இரண்டு கால் பெருவிரல்களுக்குப் பெண் பார்க்கும் சடங்கு நடக்கிறது. வலது பெருவிரல்தான் பெண், துளி குங்குமம் வைத்துக்கொண்டு வெட்கத்தில் நிமிரவே மாட்டேன் என்கிறது. மற்ற விரல்கள் சம்பந்திகள், பஜ்ஜி தின்கிறார்கள். எல்லாம் உலகம்மாளின் உறுப்புகளே.

கடைசியில் பள்ளிக்கூடம். வாத்தியார் குரலில் உலகு ஆஜர் எடுக்கிறாள். வலது முழங்கால்? உள்ளேன் ஐயா. இடது காது? உள்ளேன் ஐயா. நாக்கு? பதில் இல்லை. நாக்கு? பதில் இல்லை. மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகு நாக்கு மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு காரணம் சொல்லும். அந்தக் காரணத்தை நினைத்து அவள் இன்றைக்கும் சிரிப்பாள். ஆனால் அந்த இடத்தை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர்கள் கல்லூரி அரங்கத்தில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல்வர் எழுந்து, ஆபாசம் என்று சொல்லி விளக்கைப் போட்டுவிட்டாராம். முழங்கையில் என்ன ஆபாசத்தைக் கண்டாரோ மனிதர்.

"நம்ம திரைப்படக் கழகத்துல போடுங்க. கூட்டத்தோட" என்றாள்.

"இங்கயே டிவில பாத்துருவமே இப்ப."

"தனியாப் பாக்க மாட்டேன். நான் கேக்கணும்."

"என்னத்தக் கேக்கணும்?"

"சிரிப்ப."

ஜூலை 14, வெள்ளி

டாக்டர் சொன்னதையே சொன்னார். மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, மருந்து கிடையாது. மின்வாரியத்தில் இருந்தவன் நான். ஒரு லைன் போனால் எங்கே போயிற்று என்று பார்த்து ஆள் அனுப்புவோம், மழையானாலும் அனுப்புவோம். இங்கே அனுப்புவதற்கு ஆளே இல்லை. தீபாவளிக்குள் சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் உலகு என்னவோ கேட்டாள். மூன்று தடவை கேட்டும் பிடிபடவில்லை. சரி சரி என்றேன்.

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். அழுகல்.

ஜூலை 22, சனி

அவள் சிரிப்பு மாறிவிட்டது. தொண்டை பிடிப்பதால் சிரித்தால் 'ஊ' என்று நீளமாக ஒரு சத்தம் வருகிறது. எழவு வீட்டுச் சத்தம் போலவே. முகமும் அழுகிற மாதிரிதான் கோணுகிறது. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற மரியபுஷ்பம் இன்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, அக்கா அழுதாவ அண்ணாச்சி! என்ன சொன்னிய அவ்வொள?"

"அழல. சிரிக்கா. காலப் பாரு."

சிரிக்கும்போது மட்டும் வலது கால் பெருவிரல் டக்கென்று மேலே எழும்பும். படத்தில் மணப்பெண்ணாக நடித்த அதே விரல். உடம்பில் மற்றதெல்லாம் கைவிட்ட பிறகும் அது மட்டும் நிற்கிறது. அழும்போது எழும்பாது. இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மரியபுஷ்பம் குனிந்து உற்றுப் பார்த்து, "ஆமா பாருங்களேன், கல்யாணப் பொண்ணுல்லா" என்றாள். அதற்கும் விரல் எழும்பிற்று.

சிரித்ததற்குக் காரணம் நான் உப்புமாவில் சர்க்கரை போட்டது.

ஆகஸ்ட் 3, வியாழன்

கழகத்தின் செயற்குழு எங்கள் வீட்டிலேயே கூடியது. செயற்குழு என்றால் நானும் தலைவர் தேவசகாயம் சாரும். ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகை மதினி என்றுதான் கூப்பிடுவார். செப்டம்பர் இரண்டு, சனிக்கிழமை மாலை, வர்த்தக சங்கத்து மாடி என்று முடிவாயிற்று.

உலகு ஒரு நிபந்தனை போட்டாள். நான்தான் சாருக்கு மொழிபெயர்த்தேன். பேச்சு கூடாது. பொன்னாடை கூடாது. அவளுக்கு என்ன நோய் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு நேரே படத்தைப் போட்டுவிட வேண்டும்.

"மதினி சொல்லுதது சரிதான் கோமதிநாயகம். இது ஒரு குறும்பு. குறும்புக்கு முன்னுரை எதுக்கு?" என்றார் சார்.

"சத்தியமா?" என்றாள் உலகு என்னைப் பார்த்து. அந்த வார்த்தை தெளிவாக வந்தது.

சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இட்லி இறங்கவில்லை. கஞ்சியும் பாதிதான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம் வர வேண்டாமா? நம் கழகத்துக் கூட்டத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். போன மாதப் படத்துக்கு வந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதில் ஒருவர் மின்விசிறிக்காக வருகிறவர். அந்தக் காலி நாற்காலிகளிடமிருந்தா உலகு சிரிப்பைக் கேட்பது?

கடைக்காரர் காஜா போட்டோவை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். பிறகு என் முகத்தைப் பாராமல், குரலைத் தாழ்த்தி, "மறைவுத் தேதி எது போடணும் அண்ணாச்சி?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையையே கவிழ்த்திருப்பேன். "எங்க வீட்ல உசுரோட இருக்காய்யா!" என்றேன். பாவம், பதறிப்போனார். "ஒங்க மூஞ்சியப் பாத்து அப்படி நெனச்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். விளக்குகளை எடுத்துவிட்டார். "வேற என்ன போடட்டும்?" என்று கேட்டபோது, 'கொடிய நோயுடன் போராடும் நிலையிலும் நம்மைக் காண வருகிறார்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

ஒரு வரிதானே. நோயின் பெயரைப் போடவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

அதே வரியை வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், போன் ஓயவில்லை. உலகு ஓவியம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் வருகிறார்களாம். கோவில்பட்டியிலிருந்து வேன் வைத்து வருகிறார்களாம். சங்கத்தில் கூடுதல் நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். பத்து வருடமாகச் செயலாளராக இருக்கிறேன், கூடுதல் நாற்காலி என்ற வார்த்தையை இன்றுதான் முதல்முறை உச்சரித்தேன்.

உலகிடம், "அரங்கு நெறஞ்சிரும் போலுக்கு" என்றேன். பெருவிரல் எழும்பியது. எப்படி நிறைகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. நேற்றிலிருந்து பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. புருவத்தைத் தூக்கினால் ஆமாம். கண்ணை மூடினால் வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, புதன்

மாடியில் ஒத்திகை பார்த்தேன். திரையில் படம் நன்றாக விழுகிறது. ஒலிபெருக்கியை மட்டும் இணைக்கவில்லை. வயர் பொருந்தவில்லை என்று சாரிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முந்தைய அவள் குரல் அதில் இருக்கிறது, எல்லா எழுத்தும் முழுசாக. அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

தூரத்திலிருந்து இத்தனை பேர் வரும்போது ஒரு வார்த்தை வரவேற்றுப் பேசாமல் படத்தைப் போட்டால் மரியாதையாக இருக்காது. டீச்சர்கள் பொன்னாடை கொண்டு வருகிறார்களாம். வேண்டாம் என்று அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது? இன்று கஞ்சி கொடுத்து முடித்துவிட்டு உலகிடம் பக்குவமாகக் கேட்டேன். "சும்மா ரெண்டு வார்த்தை. வந்தவங்களுக்காக."

கண்ணை மூடினாள். தூக்கம் வந்திருக்கும். கஞ்சி குடித்தால் அவளுக்கு உடனே கண் சொக்கிவிடும்.

செப்டம்பர் 2, சனி

காலை. மரியபுஷ்பம் தலைக்குக் குளிப்பாட்டி, மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். பெருவிரலில் ஒரு துளி குங்குமம் வைக்கச் சொல்லி உலகு கண்ணாலேயே கேட்டாள். அவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். மற்றது சாயந்தரம் எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியும் என்று தோன்றவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது. ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கார் சங்கத்து வாசலில் நின்றபோது பிளெக்ஸ் நேர் எதிரே இருந்தது. இறக்கும்போது அவள் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. படித்தாளா என்று தெரியாது. சக்கர நாற்காலியில் வைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பஸ் ஸ்டாண்டு மாதிரி சளசளக்கிற டீச்சர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்குப் புல்லரித்தது. இந்த ஊர் அவளுக்கு இப்படி ஒரு மரியாதை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

முன்வரிசையில் அவளை வைத்தோம். காலடியில் மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பொன்னாடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. கழுத்தில் போட்டால் மூச்சு முட்டும் என்று மடியில் விரித்தார்கள். மடி நிறைந்ததும் காலில் விரித்தார்கள்.

நான் பேசினேன். இரண்டு வார்த்தை என்று நினைத்துத்தான் மைக்கைப் பிடித்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் மனசு நிற்கவில்லை. முதலில் அவள் கையிலிருந்து சீப்பு விழுந்த அன்றைக்கு ஆரம்பித்து, எது எது எப்போது போயிற்று என்று வரிசையாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது என்பதையும் சொன்னேன். கைக்குட்டைகள் எழுந்தன. கடைசி வரிசையில் ஓர் அம்மாள் தேம்பியது எனக்கே கேட்டது. நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். உலகைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். மேடை வெளிச்சம் கூசியிருக்கும்.

தேவசகாயம் சார் எழுந்து, "இது சிரிக்கிறதுக்கான படம், தயவுசெய்து சிரிங்க" என்றார். அதற்கும் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு நான் பின்னால் லேப்டாப் பக்கம் போய்விட்டேன். படம் ஓடியது. முழங்கைக்குச் சவரம். சத்தமில்லை. காதைத் தராசில் நிறுத்தார்கள். யாரும் அசையவில்லை. தொப்புள் கோபித்துக்கொண்டது. "எப்படி இருந்த உடம்பு" என்று ஒரு குரல். பெண் பார்க்கும் சடங்கு வந்தது. பஜ்ஜி தின்கிற சின்னவிரல்களைப் பார்த்து என் முன்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் சிரிங்கய்யா என்று கத்திவிடலாமா என்றிருந்தது. நானாவது சிரித்திருக்கலாம். வாயைத் திறந்தேன், வரவில்லை.

பிறகு பள்ளிக்கூடம். அவள் குரல். முப்பது வருடத்துக்கு முந்தைய குரல், கணீரென்று, குறும்பாக. வலது முழங்கால்? உள்ளேன் ஐயா. இடது காது? உள்ளேன் ஐயா. கூட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விசும்பல். நாக்கு? என்றாள். நாக்கு?

அப்போதுதான் முன்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'ஊ' என்று, நீளமாக. அரங்கே பதறிவிட்டது. டீச்சர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினார்கள். "ஐயோ, தாங்க முடியாம அழுதா பாருங்க" என்றார்கள். "லைட்டப் போடுங்க! நிறுத்துங்கய்யா அத!" என்று யாரோ கத்தினார்கள். திரைக்கும் எனக்கும் நடுவே தலைகளாக இருந்தன. அவள் கால் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பொன்னாடைதான் தெரிந்திருக்கும்.

நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன்.

யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

செப்டம்பர் 4, திங்கள்

மரியபுஷ்பம் பொன்னாடைகளை மடித்துப் பீரோவில் வைத்தாள். வேலையெல்லாம் முடித்த பிறகும் போகாமல் கதவடியில் நின்றாள்.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியளே?"

"சொல்லு."

"அன்னைக்கு என் கை அக்கா கால்மேலதான் இருந்துச்சு, அந்தத் துணிக்குள்ள. பெருவெரல் எந்திரிச்சுது அண்ணாச்சி. ஒரு தடவ இல்ல. துள்ளிக்கிட்டே கெடந்துச்சு. நான் சொல்லுததுக்குள்ள எல்லாரும் வந்து விழுந்துட்டாவ. நானும் கத்துனேன், சிரிக்காவ சிரிக்காவன்னு. எவ கேட்டா?"

நடுக்கமாக இருந்திருக்கும் என்றேன். கூட்டத்தைப் பார்த்துக் கால் நடுங்கும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"இருக்கும்" என்றாள். போய்விட்டாள்.

செப்டம்பர் 9, சனி

உள்ளூர்ப் பத்திரிகையில் 'கண்ணீரில் நனைந்த அரங்கு' என்று போட்டோவுடன் வந்திருக்கிறது. தேவசகாயம் சார் கொண்டு வந்தார். கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவ போடுவமா? பேச்சில்லாம, பேனர் இல்லாம?" என்றார்.

"இனிமே இவளப் பத்தித் தெரியாத கூட்டத்துக்கு எங்க போக?" என்றேன்.

அவர் காபி குடிக்காமல் போனார். செய்தியை உலகுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். முழுவதும் வாசித்தேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

குழாய் போட்டாயிற்று. தொண்டையில் இப்போது 'ஊ'வும் இல்லை. புருவம் இருக்கிறது, ஆனால் அவள் தூக்குவதில்லை. நானும் எதையும் கேட்பதில்லை.

அக்டோபர் 18, புதன்

மழை. மதியம் குழாயில் கஞ்சி விட்டு, வாய் துடைத்து, காலுக்குக் கம்பளி போர்த்தினேன். என்ன தோன்றியதோ, பென்டிரைவை எடுத்து டிவியில் செருகினேன். தனியாகப் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. மரியபுஷ்பத்தையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். மூன்று பேர் என்றால் ஒரு கூட்டம்தானே. எங்கள் கழகத்தில் அதைவிடக் குறைவாகவும் நடத்தியிருக்கிறோம்.

முழங்கை, காது, தொப்புள், பெருவிரல். பஜ்ஜி வந்தபோது மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பள்ளிக்கூடம் வந்தது. நாக்கு? என்றது உலகின் குரல். நாக்கு? நான் எழுந்துவிட்டேன். கை ரிமோட்டுக்குப் போனது. நாக்கு? என்றது மூன்றாம் முறையாக.

நாக்கு வந்தது. மூச்சிரைக்க ஓடி வந்து, சிவக்கச் சிவக்க நின்று, "உள்ளேன் ஐயா. வர்ற வழியில தேன்மிட்டாய்க் கடை இருந்துச்சு ஐயா" என்றது.

மரியபுஷ்பம் வெடித்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த அறையே அதிரும்படி சிரித்தாள். இதைத்தான் உலகு கேட்டாள். இந்தச் சத்தத்தைத்தான். திரும்பிப் பார்த்தேன். உலகின் கண் திறந்தே இருந்தது, டிவியில் நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவும் தெரிவதில்லை.

மரியபுஷ்பம் சிரிப்பை அடக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா சிரிச்சாவளா அண்ணாச்சி? கம்பளிய எடுத்துக் கால பாருங்களேன்."

மழைக்குக் குளிரும் என்று சொல்லிவிட்டேன். எடுக்கவில்லை.